ஞாயிற்றுக்கிழமை நைட்ரஜன்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பொழுதே போவதில்லை, விசாரணை அதிகாரி அவர்களே. இந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டில் உட்கார்ந்து வெங்காயமா உரிக்க முடியும்? என்னிடம் சாவியைத் திருப்பிக் கேட்கும் துணிச்சல் இங்கே யாருக்கும் இல்லை. வந்து போய்க்கொண்டிருந்தேன்.

இங்கேயே ஆராய்ச்சி செய்யும் என் மகனிடமும் சாவி இருப்பதால், மருமகளின் உலையில் கைவைத்தது அவன்தான் என்று எழுதப் போகிறீர்களாம். சிரிப்பு வந்தது. உலையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது சுடும் என்பதுதான். அவன் செய்திருந்தால் குழாய் மாற்றித் திருப்பி, தன் படிகத்தையே கெடுத்துக்கொண்டிருப்பான். எங்கள் குடும்பத்தில் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மருமகளும் கெட்டிக்காரிதான். அதுதான் தொல்லை. அவள் இங்கே வளர்க்கும், மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் மீக்கடத்திப் படிகம் மிளகளவு இருக்கும். அதை ஆக்சிஜன் ஓட்டத்தில் வாரக்கணக்கில் சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் உள்ளே ஏறினால்தான், பிறகு உறையக் குளிரவைத்ததும், மேலே வைக்கும் காந்தம் மிதக்கும். மிதந்தால் தலைவர் நாற்காலி அவளுக்கு. என் மகன், தன் பெண்டாட்டி முன்னால் கைகட்டி நின்று "சரிங்க மேடம்" சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமில்லை.

ஆகவே ஒவ்வொரு முறையும் கடைசி ஞாயிறன்று ஆக்சிஜனை மூடி நைட்ரஜனைத் திறப்பேன். ஏறியதெல்லாம் இறங்கிவிடும். உலை ஆறியதும் குழாய்களைப் பழையபடி திருப்பிவைப்பேன். படிகம் பார்வைக்கு அதே கறுப்புதான். காந்தம் மட்டும் எருமைபோல் படுத்துக்கிடக்கும்.

"மாமா, நடுவுல ஆக்சிஜனை மூடித் தொலைச்சேனான்னு எனக்கே ஞாபகமில்ல."

"விடும்மா. பிள்ளை பெத்தவளுக்கு மறதி வரத்தான் செய்யும்."

சொன்ன சொல்லுக்கு ஆதாரம் வேண்டாமா? அவள் சமைத்து முடித்துப் போனபின், கேஸ் அடுப்பின் குமிழைச் சற்றே திறந்துவைக்க ஆரம்பித்தேன். நானே மோப்பம் பிடித்து, நானே கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு தடவை பேத்தி பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் செய்தேன். எனக்கும் பாசம் உண்டு.

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குழந்தையை எங்கம்மாகிட்ட விட்டுடலாம் மாமா. என்னை நம்பாதீங்க."

டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார். வேலையை விட்டாள். மகன் மட்டும், "அப்பா, அவ இப்படி இருந்தவ இல்லப்பா" என்று வீடெல்லாம் சுற்றிவந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கிடங்குக்காரர்தான், "யாருய்யா இந்த நைட்ரஜனைக் குடிக்கிறது? உருளை உருளையா காலியாகுது" என்று கத்தி உங்களை வரவழைத்துவிட்டார்.

மகன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மருமகளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தன் மேல் தப்பே இல்லை என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?