அழுகை நின்ற நேரம்

துறைமுகச் சாலையில் நடக்கிறேன். ஆஸ்பத்திரி பின்னால் போய்விட்டது. மார்கழி மாதம். காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. காற்றில் உப்பும் நிலக்கரித் தூளும். லாரிகள் உரசிப் போகின்றன. எங்கே போகிறேன் என்று தெரியாது. கால் போகிறது.

டமார். இரும்பின் மேல் இரும்பு.

"படுங்கோ!"

கத்தியது நான்தான். குப்புறக் கிடக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. வாயைத் திறந்து வைத்தால் காது கிழியாது. இலங்கைப் போரில், வன்னியில் கற்றது. எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மீதியைப் பதுங்குகுழியில் படித்தேன்.

இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. சாலையோரம் உப்பைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"ஏ தம்பி, எந்திரி. கண்டெய்னர் பெட்டிய அடுக்குதானுவ. குண்டா போடுதானுவ?"

"காலங்காத்தாலயே ஊத்திட்டான் போல," என்றாள் இன்னொருத்தி.

எழுந்தேன். முழங்கால் தோல் உரிந்திருந்தது. முதலில் பேசியவள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"அகதி முகாம் ஆளா? எங்கன போற?"

"தெரியேல்லை அக்கா."

"வீட்டுல யாரு இருக்கா?"

மனைவி. அஞ்சு மாதத்தில் ஒரு பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில். நெஞ்சுச் சளி, மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறாள் என்றேன்.

அவள் பாட்டிலை மூடினாள்.

"பச்சப்பிள்ளைய அங்கன விட்டுட்டு நீ இங்கன படுத்துக் கெடக்கியாக்கும்."

மற்றப் பெண்கள் உப்பு அள்ளத் திரும்பினார்கள்.

நடந்தது இதுதான்.

முதலில் மூக்கு ஒழுகியது. முகாமில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒழுகியது. மழை விட்டும் சுவர் காயவில்லை. பிறகு இருமல். பிறகு மூச்சோடு ஒரு விசில். ஷெல் குண்டு புறப்படும் சத்தம் எனக்குத் தெரியும். அது எவ்வளவு தள்ளி விழும் என்று சத்தத்திலேயே சொல்வேன். இந்த விசில் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மகள் யாழினியின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அழுதாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. என் மனைவி செல்வி முகாமில் பிறந்தவள். போரைக் கண்டதில்லை. பிள்ளை அழுதால் தூக்குவாள், அவ்வளவுதான். எனக்கு முதுகு குளிரும். அழுகை கேட்டால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். தெரிந்தால் ஷெல் வரும். தூத்துக்குடியில் ஷெல் வராது என்று எனக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியாது.

போரின் கடைசியில் களப்பை, அந்தக் கடற்கழியை, நடந்தே கடந்த நாளில் தண்ணீர் கழுத்துவரை. அக்காவின் மகன் அவள் தலைக்கு மேல் இருந்தான். கைக்குழந்தை. இறங்குமுன் அவன் வாயில் அக்கா சளி மருந்து ஊற்றினாள். தூக்கம் வரும் மருந்து. தாய்மார் எல்லாரும் ஊற்றினார்கள். யாரும் அழவில்லை. எங்கள் வரிசை தப்பியது. அக்காவின் மகன் இன்று திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். அக்கரையில் விழிக்காமல் போன பிள்ளைகளும் உண்டு. அதையும் பார்த்தேன். என் மனம் பிழைத்தவனை மட்டும் வைத்துக்கொண்டது.

முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரம். செல்வி குழாயடிக்குப் போயிருந்தாள். நான் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, மருந்துக்கடையில் போய் அதே மாதிரிச் சளி மருந்து கேட்டேன்.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"குடிச்சா அசத்தும். சின்னப் பிள்ளைக்குக் குடுத்துராத தம்பி."

"சரி."

வீட்டுக்கு வந்து யாழினியின் வாயில் அரை மூடி ஊற்றினேன். பாட்டிலை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். சற்று நேரத்தில் அழுகை நின்றது. வீடு அமைதியானது. செல்வி வந்து பார்த்து, "இண்டைக்குப் பரவாயில்லை, தூங்குறாள்," என்றாள். நான் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். போருக்குப் பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. இதை எழுதும்போது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

விடியல். செல்வியின் குரல்.

"எழும்புங்கோ! பிள்ளை பால் குடிக்குதில்லை!"

உதடு நீலம். கண் திறக்கவில்லை. மூச்சு வருகிறது, நிற்கிறது, வருகிறது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினார். "ஆக்ஸிஜன்!" என்று கத்தினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா? மறைக்காமச் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரிதான் பாக்கணும்."

"ஒண்டும் குடுக்கேல்லை."

செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கை இடுப்பு முடிச்சைப் பிடித்திருந்தது. குழந்தைகள் வார்டில் ஆண்கள் நிற்கக் கூடாது என்றார் காவலாளி. அது எனக்கு வசதியாக இருந்தது. வெளியே வந்தேன். நடந்தேன். எனக்கு அது பழக்கம். உடன்குடியில் கருப்பட்டி மூட்டை சுமந்தேன். காயல்பட்டினத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தேன். விசைப்படகுக்கு ஐஸ் ஏற்றினேன். எதிலும் நிலைத்ததில்லை. ஒரே இடத்தில் நின்றால் அங்கே விழும் என்று கால் நினைக்கிறது.

உப்பள்ளும் பெண் சொன்னதைக் கேட்டபின் நிற்க முடியவில்லை. திரும்பி ஓடினேன். டாக்டருக்குத் தெரியாது. தெரியாமலே மருத்துவம் பார்க்கிறார். அதுவே என் தலைக்குள் ஓடியது. ஒரு செருப்பு எங்கோ கழன்றது. வார்டு வாசலில் நர்ஸ் ஒருவர் நின்றார். அவரிடம் கத்தினேன்.

"சளி மருந்து குடுத்தது நான்தான்! அரை மூடி! நேற்றுப் பின்னேரம்! டொக்டரிட்டச் சொல்லுங்கோ!"

"மெதுவாப் பேசும். யாழினி அப்பாவா?"

"ஓம்."

"அது அப்பவே தெரியும். நீரு அங்கிட்டுப் போன ஒடனே ஒம்ம பொஞ்சாதி பாட்டில எடுத்து டாக்டர் கையில குடுத்துட்டா. காலம்பற அரிசி வாளிக்குப் பின்னால கண்டு, இடுப்புல முடிஞ்சு கொண்டாந்துருக்கா. நீரே சொல்லுவீருன்னு பாத்தாளாம்."

வாசல் சுவரோரமாக விலகி நின்றேன்.

ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள். யாழினியின் மூக்கில் குழாய். ஒரு மாணவி நர்ஸ் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சை எண்ணினாள். செல்வி என் முகத்தில் ஒட்டியிருந்த உப்பு மண்ணைப் பார்த்தாள்.

"கழுவிப்போட்டு வாங்கோ. அதோடை பிள்ளையைத் தொடாதையுங்கோ."

பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலையில் வார்டின் சன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே ஒரு தாய் அலறினாள். அதே கட்டிலின் மற்றப் பிள்ளை போய்விட்டது. ஆண். குலசேகரன்பட்டினம் பக்கம். இன்னும் பெயர் வைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு யாரும் தவறான மருந்து கொடுக்கவில்லை. காற்றில் வந்த அதே சளிதான். அவனுடைய அப்பன் காலையிலிருந்து வாசலைவிட்டு அசையாதவன். அவன் பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

அதன் பிறகு அழுகை. மெலிந்த, கிழிந்த அழுகை. யாழினி. என் முதுகு குளிர்ந்தது. குப்புறப் படுக்க உடல் தானே குனிந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழட்டும் என்று நின்றேன்.

போனவை இவை. பெயர் வைக்காத ஓர் ஆண் பிள்ளை. அக்கரையில் விழிக்காத பிள்ளைகள். அவர்களின் பெயர்களை அன்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு செருப்பு. செல்வி என்னிடம் பேசும்போது முன்பு என் கண்ணைப் பார்ப்பாள், அது. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை இப்போது அவள்தான் முடிந்து வைத்திருக்கிறாள். என் கையில் தருவதில்லை. யாழினி இருக்கிறாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வேலை கேட்டேன்.

"எத்தன நாளைக்குலே நிப்ப?" என்றார் கடை அண்ணாச்சி. என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். "ஓடுத காலா இருக்கு."

"நிப்பன்."

கிளாஸ் கழுவும் வேலை. தொட்டி வாசலோரம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வார்டின் சன்னல் தெரியும். பிள்ளைகள் அழுவது நன்றாகக் கேட்கும்.