ஆற்றில் பால் விட்டது குறித்துக் கூண்டுக்காரி கூறியது

வயது நாற்பத்து நான்கு. படகுத்துறைத் தெருவின் கடைசி வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். ஆற்றில் வலைக்கூண்டுகளை மிதக்கவிட்டு அவற்றில் மீன் வளர்ப்பது எங்கள் தொழில். கூண்டுக்காரி என்று கேட்டால்தான் தெருவில் என் வீட்டைக் காட்டுவார்கள். இப்போது மருத்துவமனையில் இருக்கும் பால் ஆலைத் தொழிலாளி என் கூடப்பிறந்த தம்பி. ஆலையின் மேலாளருடன் முன்பே முகப்பழக்கம் உண்டு, பகை எதுவும் கிடையாது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை.

சம்பவத்தன்று காலை நானும் என் கணவரும் தீவன மூட்டையுடன் படகில் கூண்டுகளுக்குச் சென்றோம். கோடை என்பதால் ஆற்றில் தண்ணீர் குறைவு, ஓட்டமும் மெதுவு. கூண்டை நெருங்கும்போது மழை விழுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன், வானத்தில் ஒரு மேகம் இல்லை. அதன் பிறகுதான் கூண்டுக்குள் பார்த்தேன். அத்தனை மீன்களும் மேலே வந்து, வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த வாய்களில் இருந்துதான் சத்தம் வந்தது. கூண்டைத் தாங்கும் பீப்பாய்களின் மேல் நண்டுகள் ஏறி உட்கார்ந்திருந்தன. கயிறுகளில் இறால்கள் ஒட்டிக்கொண்டு தொங்கின.

என் கணவர், "என்னடி இது, பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டம் மாதிரி வரிசையா உக்காந்திருக்கு" என்று சிரித்தார். நான் படகைத் தட்டினேன், பிறகு கையை நண்டுகளின் பக்கம் நீட்டினேன். ஒன்றுகூடத் தண்ணீரில் குதிக்கவில்லை. என் கையைவிட அவற்றுக்கு ஆறுதான் பயமாக இருந்தது. என் கணவரின் சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது.

தண்ணீர் கழுநீர் போல வெளுத்திருந்தது. ஒரு கை அள்ளி முகர்ந்தேன், புளித்த தயிர் வாடை அடித்தது. கரையோரச் சேற்றில் விலாங்குகள் தலையை வெளியே வைத்துக் கிடந்தன. அதற்குள் தெருவே பாத்திரமும் வாளியுமாக இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் இரண்டு கையிலும் மீனைப் பிடித்துக்கொண்டு, "கூண்டுக்காரி, இனி உன்கிட்ட யாரு வாங்குவா? மீனே வீடு தேடி வருது பாரு!" என்று கூவினார். நான் சாப்பிடாதீர்கள் என்று கத்தினேன். வியாபாரம் கெட்டுப்போகிற ஆத்திரத்தில் கத்துகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

தயிர் வாடை வந்ததால் நான் என் தம்பிக்குப் போன் செய்தேன். எங்கள் கூண்டுகளுக்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கத்து ஆற்று வளைவில்தான் அந்த ஆலை இருக்கிறது. பால் தொட்டிகளைத் திறந்து மூடிக் கழுவுவது அவன் வேலை. அவன், "கூலர் படுத்துடுச்சுக்கா. தொட்டிப் பால் மொத்தமும் திரிஞ்சு போச்சு. லாரி வச்சு எடுத்துட்டுப் போக நேரமில்லன்னு நேத்து மதியத்துலேர்ந்து மழைத்தண்ணிக் கால்வாயில விடச் சொல்லிட்டாங்க. ஏன், என்ன?" என்று கேட்டான். நான், "மீன் எல்லாம் சாகுதுடா" என்றேன். அவன், "பால்தானேக்கா?" என்றான். அதன் பிறகு "நான் மூடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அதன் பிறகு எங்களுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எல்லாக் கூண்டையும் காப்பாற்ற வழி இல்லை. குஞ்சு எடுப்பதற்காக வருடக்கணக்கில் வளர்த்துவந்த தாய் மீன்கள் ஒரு கூண்டில் இருந்தன. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு எங்களிடம் ஒன்றுதான் உண்டு. அதன் குழாயை அந்தக் கூண்டுக்குள் விட்டு, கூண்டைப் படகோடு கட்டி, கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தைத் தாண்டி மேலே இழுத்துப்போய்விட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று கிளம்பினோம். மற்றக் கூண்டுகளில் மழைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் முன்பே தகவல் சொல்லியிருந்ததால் மீன்வளத் துறையில் இருந்து ஆய்வாளர் அம்மா ஸ்கூட்டரில் வந்து எங்கள் படகில் ஏறினார். வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். கையோடு கொண்டுவந்த மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டார். பிறகு, "மீட்டர் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். தண்ணியில ஆக்சிஜனே இல்லீங்க" என்றார். நான், "பாலுமா மேடம் விஷம்?" என்று கேட்டேன். அவர், "பால் விஷம் இல்லீங்க. அது சத்து. அதத் தின்ன தண்ணியில இருக்குற கிருமியெல்லாம் கோடி கோடியாப் பெருகுது. பெருகினதுங்க மூச்சு விடணுமில்ல? இருக்குற ஆக்சிஜனை அதுங்களே இழுத்துக்குது. மீனுக்கு மிச்சம் இல்ல" என்றார். குழந்தைக்குக் கொடுக்கிற பொருள் ஒரு ஆற்றையே மூச்சுத் திணற வைக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

கால்வாய் முகத்தை அடைந்தபோது அதிலிருந்து பால் கட்டி கட்டியாக இன்னும் விழுந்துகொண்டிருந்தது. கூண்டையும் பம்பையும் கணவரிடம் விட்டுவிட்டு நானும் ஆய்வாளர் அம்மாவும் கரையேறி ஆலையின் பின்வாசல் வழியாக உள்ளே போனோம். அங்கே தரையில் ஒரு குழியின் மூடி திறந்திருந்தது. என் தம்பியும் இன்னொரு தொழிலாளியும் குழி விளிம்பில் நின்றார்கள். மேலாளரும் இருந்தார். வால்வு குழியின் அடியில் இருப்பதாகவும், தயிர்க்கட்டி அடைத்துக்கொண்டதால் மேலிருந்து நீளச் சாவியால் திருகியும் மூடவில்லை என்றும் தம்பி சொன்னான்.

நான் மேலாளரைப் பார்த்து, "யாரக் கேட்டு ஆத்துல விட்டீங்க?" என்று கேட்டேன். அவர், "நான்தான் விடச் சொன்னேன், அதுக்கென்ன இப்போ? பால்தானேம்மா. மீன் குடிச்சுக் கொழுக்கட்டும்" என்றார். இதை ஆய்வாளர் அம்மாவும் அந்த இன்னொரு தொழிலாளியும் கேட்டார்கள். நான் என் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு செத்த இறாலை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன். இது தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன். நான் அதைச் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் என் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஏணியில் கால் வைக்கும் சத்தம்தான் கேட்டது.

ஆய்வாளர் அம்மா, "இறங்காதீங்க, உள்ள விஷக்காத்து இருக்கும்!" என்று ஓடினார். அதற்குள் அவன் அடிக்குப் போய்விட்டான். வால்வுச் சக்கரம் திரும்பும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை தொங்கியிருந்தது. கூப்பிட்டேன், அசைவில்லை. இன்னொரு தொழிலாளி உடனே ஏணியில் கால் வைத்தார். ஆய்வாளர் அம்மா அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து, "நீங்களும் போனா ரெண்டு பேரத் தூக்கணும்!" என்று விடாமல் இழுத்தார். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டே மறு கையால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். மேலாளர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு நான் கரைக்கு ஓடி வந்து, பம்பைக் கழற்றிக்கொண்டு வரும்படி என் கணவரிடம் சொன்னேன். அவர், "கழட்டினா தாய் மீன் மொத்தமும்..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்காமல் பம்பையும் பேட்டரியையும் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். கூண்டு அப்போது கால்வாய் முகத்துக்கு நேராக, வெள்ளைத் தண்ணீரிலேயே நின்றது. காற்றுக் குழாயின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிக் குழிக்குள் விட்டோம். அவன் முகத்துக்குப் பக்கத்தில் நுனி போய்ச் சேரும்வரை நான் விளிம்பில் படுத்துக்கொண்டு குழாயை ஆட்டிக்கொண்டிருந்தேன். தீயணைப்பு வீரர்கள் முகமூடியுடன் இறங்கி அவனைத் தூக்கி வெளியே போட்டபோது அவன் வாய் திறந்து திறந்து மூடியது. நான் அன்று காலை முதல் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதிரி.

தீயணைப்பு அதிகாரியிடம் மேலாளர், அந்த ஆள் தன்னிச்சையாகப் பாலைத் திறந்துவிட்டதாகவும், பயந்துபோய்த் தானே குழியில் இறங்கியதாகவும் சொன்னதைக் கேட்டேன். அது பொய்.

மறுநாள் ஆற்றுக்குப் போனேன். எங்கள் கூண்டுகளில் மட்டும் இல்லை, கண்ணுக்கு எட்டியவரை வயிறு மேலே தெரிய மீன்கள் மிதந்தன. சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. தவளைச் சத்தம் இல்லை. தையல்காரர் பிடித்துப்போன மீனைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் அம்மா மேலே இருந்து நல்ல தண்ணீர் வந்து கலந்தால் ஆற்றுக்கு மூச்சு திரும்பும், ஆனால் அடிச்சேற்றில் இருந்த புழு பூச்சிகளும் மீன் முட்டைகளும் போய்விட்டதால் மீன் பெருகப் பல காலம் ஆகும் என்று சொன்னார்.

எங்கள் பம்புக் காற்றால்தான் தம்பி பிழைத்தானா என்று கேட்டேன், மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேற்றுக் காலை அவன் மூக்கில் இருந்து குழாயை எடுத்தார்கள். அவன் முதலில் கேட்டது, "தாய் மீன் பொழச்சுதாக்கா?" என்பது. நான், "எல்லாம் நல்லா இருக்குடா, தீனி கேட்டுக் குதிக்குது" என்று சொன்னேன். அவனைக் குழிக்குள் இறங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, போனில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இறங்கினான். ஆகவே பம்பைக் கழற்றியதில் தாய் மீன்கள் செத்துப்போன விஷயம் விசாரணையில் தெரிய வேண்டும் என்றால் தெரியட்டும், அவன் எழுந்து நடக்கிறவரை மட்டும் அவனிடம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. தம்பியிடம் சொன்ன அந்த ஒன்றைத் தவிர நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

(கையொப்பம்)