பாதியில் நிறுத்தக்கூடாத சோதனை

நவம்பர் 18, செவ்வாய்.

இன்றைய தவறு: மாலை வகுப்புக்குத் தாமதமாகப் போய், பேருந்தின் மேல் பழி போட்டேன். பேருந்து நேரத்துக்குத்தான் வந்தது. நான்தான் அலுவலக வாசலில் நின்றுகொண்டு, திரும்ப மாடியேறலாமா வேண்டாமா என்று யோசித்ததில் அதைக் கோட்டைவிட்டேன்.

தினமும் ஒரு தவறையும் மறுநாளைய வேலையையும் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் வகுப்பு சார் போட்ட விதி. "பெரிய தப்பு பண்ற அளவுக்கு உங்களுக்கெல்லாம் இன்னும் வேலை தெரியாது. சின்னதா ஏதாவது எழுதுங்க, போதும்" என்பார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவள் நான். எழுதி வைத்தால்தான் எனக்கு ஒரு நாள் முடியும்.

இப்போது வகுப்பில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். போன பருவத்தில் விழுந்து விழுந்து கற்ற கருவி பழசாகிவிட்டதாம். இனி இணையப் பக்கம் கட்டுகிற எல்லோரும் வேறொன்றுக்கு மாறுகிறார்களாம். அது எல்லாக் கணினிகளிலும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"சார், இது இறங்கி முடியறதுக்குள்ள இதுவும் பழசாயிடும் போலிருக்கே" என்றார் பின்வரிசை அண்ணன்.

"அதுக்குள்ள உனக்கு வேலை கெடைச்சா சொல்லு, மிட்டாய் வாங்கித் தர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது. கையால் பிடித்தால் மற்றது ஆடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நாளைக் காலை அலுவலகத்தில் மேடத்துக்கு ஒரு விளக்கம் தர வேண்டும். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி இங்கே ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. யாராவது படிக்க நேர்ந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். நடுவில் நிறுத்தினால் தவறான எண்ணம் வரும்.

பகலில் நான் ஓர் இணையப் பத்திரிகையில் வேலை செய்கிறேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கான பத்திரிகை. பல் முளைத்தால் என்ன செய்வது, தூங்காவிட்டால் என்ன செய்வது, கட்டிலிலிருந்து விழுந்தால் என்ன செய்வது என்று கட்டுரைகள் இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் மேடம், பின்னறையில் நான். எழுதுகிறவர்கள் வெளியிலிருந்து அனுப்புவார்கள். மேடம் திருத்துவார். பக்கம் அமைத்து ஏற்றுவது என் பொறுப்பு.

பத்திரிகையின் பிழைப்பு விளம்பரத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு விளம்பரம். கோடையிலிருந்து ஆட்கள் நிற்பது குறைந்தது. மேடம் தினமும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தார்.

"வர்றாங்க, எட்டிப் பாக்கறாங்க, ஓடிடறாங்க. நாம என்ன பேய் வீடா நடத்தறோம்? ஏதாவது பண்ணு."

"என்ன பண்ணணும்னு சொன்னீங்கன்னா பண்றேன் மேடம்."

"எனக்குத் தெரிஞ்சா உன்ன எதுக்கு வெச்சிருக்கேன்?"

அது நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு எது நல்லது என்று தோன்றினாலும், அடுத்த நிமிடமே அது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். எங்கள் பத்திரிகையை நடத்தும் மென்பொருளில் அந்தச் சமயத்தில்தான் ஒரு புதிய வசதி வந்தது. ஒரே பக்கத்துக்கு இரண்டு வடிவம் செய்து வைக்கலாம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏ, மீதிப் பேருக்கு பி. யாருக்கு எது என்பதை அதுவே நாணயம் சுண்டிப் போட்டதுபோல் முடிவுசெய்யும். ஒரு போனுக்கு ஏ விழுந்தால் அந்தப் போனில் எப்போதும் ஏதான் தெரியும். பார்க்கிறவருக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. எந்த வடிவத்தில் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று கடைசியில் சொல்லிவிடும். முன்பு நாலு பேர் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வேலையாம். இப்போது ஒரு பொத்தான்.

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இனி நான் எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை.

சார் இதை இரண்டு வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒன்றைப் பலகையில் பெரிதாக எழுதினார்: எத்தனை பேர் பார்த்த பிறகு முடிவு எடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. "பொங்கறதுக்குள்ள பானையத் திறந்து திறந்து பாத்தா சோறு வேகாது" என்றார். நான் அதை எழுதிக்கொண்டு அடிக்கோடும் போட்டேன்.

எந்தப் பக்கத்தில் செய்வது என்பதிலும் நான் என் விருப்பத்தை நுழைக்கவில்லை. இருப்பதிலேயே ஆட்கள் குறைவாக நிற்கிற பக்கத்தை எடுத்தேன். அது, குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பக்கம். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் அந்தச் சின்ன வட்டப் பேட்டரி. வருகிறவர்கள் சராசரியாக ஒன்பது விநாடிதான் நின்றார்கள். முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் அவசர உதவி எண் இருந்தது. அதற்குக் கீழே, காத்திருக்காதீர்கள், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள் என்று இருந்தது. படித்தவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதை ஏ என்று வைத்துக்கொண்டு பி செய்தேன். "பயப்படாதீர்கள், குழந்தை இருக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்" என்று இதமாகத் தொடங்கினேன். பேட்டரியில் எத்தனை வகை, எந்தெந்தப் பொம்மையில் இருக்கிறது, அலமாரியில் எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஆறு பத்தி. நடுவில் படங்கள். உதவி எண்ணும் மற்றதும் கடைசியில். எதையும் நான் நீக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடம்தான் மாறியது.

பி பக்கத்தில் ஆட்கள் ஏறக்குறைய இரண்டு நிமிடம் நின்றார்கள். மேடம் எனக்கு ஒரு புது நாற்காலி வாங்கித் தந்தார். எந்தப் பக்கம், என்ன மாற்றம் என்று அவர் கேட்கவில்லை. நானும் முடிவு தெரியாமல் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு தாய் பக்கத்தின் கீழே கருத்து எழுதினார். "நம்பர எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? தேடித் தேடிக் கடைசியிலதான் கெடைச்சுது. உங்க வீட்ல கொழந்தையே கெடையாதா?" குழந்தை நலம் என்றும் எழுதியிருந்தார். தகவலுக்கு நன்றி, எண் பக்கத்தின் இறுதியில் உள்ளது என்று பதில் போட்டேன்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை கீழே போய்க் கண்ணாடிக் கடை வாசலில் நின்றுவிட்டு வந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் ஏ பக்கம் வந்துவிடும். ஆனால் ஒரே ஒருவர் கோபப்பட்டதற்காக நிறுத்தினால் அது பானையைத் திறப்பதுதானே? என் மனம் சொல்கிறது என்பதற்காக நிறுத்தினால், இத்தனை நாள் கற்றது எதற்கு? சந்தேகம் வந்தால் இன்னும் அதிகம் பேரிடம் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. அதனால் சோதனையின் அளவை இரண்டு மடங்காக்கினேன். அதன் பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

போன வாரம் ஒரு தகப்பனார் அலுவலகத்துக்கு போன் செய்தார். மேடம் வெளியே போயிருந்தார். நான் எடுத்தேன்.

"உங்க பக்கத்துல ஒரு சந்தேகம் கேக்கணும்மா. அந்த பேட்டரி பக்கம். அதுல நம்பர் எங்க இருக்கு, மேலயா கீழயா?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"என் வீட்டுக்காரி போன்ல பாத்தா மேலயே பெருசா இருக்கு. அன்னிக்கு நான் பாக்கறப்ப இல்லம்மா. அவ ஊர்ல இல்ல, நானும் பையனும்தான். இல்லவே இல்லைன்னு சொல்றேன், அவ நம்ப மாட்டேங்கறா. இவ்ளோ பெரிய எழுத்து உங்க கண்ணுக்குத் தெரியலையான்னு கேக்கறா."

"உங்க போன்ல இப்ப பாத்தீங்களா சார்?"

"அது அன்னிக்கு ஆஸ்பத்திரியில எங்கயோ போயிடுச்சும்மா."

அவரே தொடர்ந்தார். கோபமே இல்லாத குரல்.

"முதல் வரியில பயப்படாதீங்கன்னு போட்டிருந்த மாதிரி ஞாபகம். அதனால நானும் பயப்படல. உக்காந்து பொறுமையா படிச்சேன். அவனும் அழுகைய நிறுத்திட்டான், சரின்னு தூங்க வெச்சேன். அப்பறம்தான்... அப்படி ஒரு வரி இருந்துச்சாம்மா? இல்ல, நானா நெனச்சுக்கறேனா?"

சோதனையில் இருப்பவரிடம் சோதனையைப் பற்றிச் சொல்லக்கூடாது. அதுவும் விதி. "பதட்டத்துல சில நேரம் எதிர்ல இருக்கறதே கண்ணுக்குப் படாது சார்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்மா. என் மேலதான் தப்பு. நல்லா எடுத்துச் சொன்னே, நன்றி" என்றார்.

குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்க வேண்டியது மரியாதை.

"அவன் போன மாசமே போயிட்டாம்மா."

அவர் போனை வைத்த பிறகு சோதனைத் திரையைத் திறந்து பார்த்தேன். முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்று காட்டியது.

அந்தக் குழந்தையின் தாய் இன்று மேடத்துக்கே போன் செய்திருக்கிறார். மேடம் என்னை முன்னறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"அந்த ஆள் சாப்பிடறதில்ல, யார்கிட்டயும் பேசறதில்லையாம். நான்தான் புள்ளயக் கொன்னேன்னு சொல்லிட்டே இருக்காராம். பக்கம் அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்கன்னு அந்தப் பொண்ணு கேக்குது. 'அவர் சொன்னது நெசம்னா நான் அவர் கால்ல விழணும் மேடம்'னு அழுவுது." மேடம் தன் போனை என் முன் நீட்டினார். "எனக்கு நல்லாத்தான் தெரியுது, மொத வரியிலயே இருக்கு. இதுல யாராவது கை வெச்சாங்களா?"

மேடத்தின் போனுக்கு ஏ விழுந்திருந்தது. அது தற்செயல். நான் ஏற்பாடு செய்யவில்லை.

"பாத்துச் சொல்றேன் மேடம்" என்றேன்.

"பாத்து, நாளைக்குக் காலைல எழுதிக் குடு. நீ எழுதறததான் அந்தப் பொண்ணுக்கு அனுப்பப் போறேன்."

வாசலில் நின்று பேருந்தை விட்டது அப்போதுதான். மேடம் சொன்னதை யோசிக்கவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன். மறைத்தால் இதை எழுதியே பயனில்லை.

நான் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அக்கா மகனுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. எப்போதும் ஊர்ந்துகொண்டே இருப்பதால் வண்டு என்று கூப்பிடுவோம். தரையில் கிடப்பதெல்லாம் அவன் வாயில். சோதனை தொடங்கிய வாரம் ஒருநாள் காலையில், டிவி ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி நக்கிக்கொண்டிருந்தான். அக்கா பிடுங்கினாள்.

"ஏண்டி கணக்குப்பிள்ளை, இவன் எதையாவது முழுங்கித் தொலைச்சா உன் பத்திரிகையத்தான் திறந்து பாக்கணும். உருப்படியா எழுதியிருக்கீங்களா?"

"நீ திறந்து பாக்கறதுக்குள்ள அவன் அந்தப் போனையே முழுங்கிடுவான்" என்றார் அத்தான்.

அன்று அலுவலகம் போனதும் முதல் வேலையாக அக்காவின் போனையும் அத்தானின் போனையும் சோதனையிலிருந்து விலக்கினேன். வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களைக் கணக்கில் சேர்த்தால் முடிவு கெடும், அது வழக்கம்தான். விலக்கும்போது, இவர்களுக்கு எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். ஏ என்று குறித்தேன்.

இதுவரை எதற்கும் நான் இப்படிப் பட்டென்று பதில் சொன்னதில்லை. நாணயம் சுண்டவில்லை, இரண்டு தரம் பார்க்கவில்லை, சந்தேகமே வரவில்லை. எது நல்ல பக்கம் என்று எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே தெரிந்திருந்தது.

இன்று மாலை முழுவதும் இதுதான் அரிக்கிறது. பேருந்தில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன். அந்தத் தகப்பனாருக்கு பி விழுந்தது அவருடைய நேரம். அதற்கு யாரும் பொறுப்பில்லை. அவர் மனைவிக்கு ஏ விழுந்ததும் அப்படியே. ஆனால் என் வீட்டுக்கு ஏ விழவில்லை, நானே எடுத்துக் கொடுத்தேன். ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம். இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலையில் எப்படிப் பார்த்தாலும் தவறு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். இதை யாரும் கேட்கும் முன் நானே கண்டுபிடித்ததில் ஒரு திருப்தியும் இருக்கிறது. கால் ஆடுவது நின்றுவிட்டது.

நாளைய வேலை: பக்கத்தில் எண் எப்போதும் முதல் வரியிலேயே இருந்தது என்று மேடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை முடித்துவிட்டு, அக்காவின் போனையும் அத்தானின் போனையும் மற்றவர்களைப் போலவே சோதனையில் சேர்த்துவிட வேண்டும்.