கல்லில் ஒரு பெரிய எழுத்து

வெள்ளிக்கிழமை தண்ணீர்மலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு டிராமில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் பலகையில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாளும், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் அவள் தம்பியும் இருந்தார்கள். அவள் புருஷன் கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான் படகில் ஆட்களை மேய்க்கும் தண்டலாக இருந்து இறந்தவராம். சமாதிக்கு இங்கிலீஷில் கல் வெட்டக் கொடுக்கப் போகிறார்கள்.

"பேரே வேண்டாம் தம்பி. தண்டல்னு மட்டும் போடு. துரைமாருக்குப் போடுற மாதிரி முதலெழுத்தைப் பெருசா வெட்டச் சொல்லு."

"அக்கா, இங்கிலீஷ்ல பேருக்கு முன்னால வந்தாத்தான் அதுக்குப் பெரிய எழுத்து. தனியா நின்னா சின்ன எழுத்துதான். தண்டல்ங்கிறது ஒரு வேலை. துறைமுகத்துல எத்தனையோ தண்டல் இருக்கான்."

"கவர்னர்னு தனியா எழுதினா?"

"அதுக்கு... பெருசாத்தான் போடுவாங்க."

"ஏன், கவர்னர் சம்சாரமும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்களோ?"

தம்பி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அவரு பேரு என் வாயில வந்ததில்லடா. தண்டல் வந்தாச்சா, தண்டல் சாப்பிட்டாச்சான்னுதான் கேட்டிருக்கேன். அவரு போன அன்னைக்கு மேல விழுந்து அழுதப்பவும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஊருக்கு அது வேலை. எனக்கு அதுதான் பேரு."

இறங்கும் இடம் வந்ததும் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரிய எழுத்தாவே போடச் சொல்றேன்க்கா."

"எனக்குப் படிக்கத் தெரியாது. கல்லு நட்டப்புறம் அது எந்த எழுத்துன்னு தொட்டுக் காட்டு தம்பி. அதைத் தடவிக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்காந்திருப்பேன்."