மண்ணிலேயே மருந்து

டவுன் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம்தான் பிடிக்கும். கங்கைகொண்ட சோழபுரம் தாண்டினால் எந்த வயலில் இறங்கி மண் எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே போவேன். மன்னியுங்கள் இன்ஸ்பெக்டர் சார், எனக்கு உட்கார்ந்து பேச வரவில்லை. நின்றுகொள்கிறேன்.

மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் கொசுப்புழுவைக் கொல்லும். அந்த நஞ்சுக்கான மரபணுவோடு மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், கதிரியக்கம் ஏற்றிய சிறு டி.என்.ஏ. துண்டு ஒன்றைத் தயாரித்தேன். மண்ணில் அந்த மரபணு இருந்தால் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புப் புள்ளி விழும். 2003 ஆடியில் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் மண்ணுக்கு மை கொட்டினாற்போல் விழுந்தது. வருஷக்கணக்காக நான் அலைந்தது அதற்குத்தான்.

அங்கே புகைமருந்து அடிக்க வேண்டாம், மண்ணே பார்த்துக்கொள்ளும் என்று அதிகாரிகளிடம் சொன்னேன். அடித்துவிட்டால் கொசு எதனால் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? நியாயம்தானே.

என்னோடு வேலை பார்த்த ஜானகி அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, கொசுப்புழு நெளியும் தண்ணீரில் விட்டாள். மறுநாள் என்னிடம் வந்தாள்.

"புழு ஒண்ணுகூட சாவல சார். ஜீன் இருக்கு, வெஷம் வரல. மருந்து அடிக்கச் சொல்லிடலாம் சார்."

"பாத்துக்கலாம்மா" என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஐப்பசி மழையோடு, கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் வந்தது. எனக்கு மண் எடுக்கத் தன் வயலை விட்ட பரிமளா, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்.

"பக்கத்து ஊர்லயெல்லாம் மருந்து அடிச்சிட்டாங்க. எங்க ஊருக்கு மட்டும் ஏன் சார் வரல?"

"உங்க மண்ணுலேயே மருந்து இருக்குங்க."

அவர் நம்பினார். கொஞ்சம் தெம்பாகக்கூடத் தெரிந்தார். குழந்தையின் கழுத்து விறைத்திருந்ததை நான் கவனித்தேன்.

அவள் பிழைக்கவில்லை. அவளுக்குப் பின் இன்னும் இரண்டு பிள்ளைகள் போனார்கள். பரிமளா வீட்டில் அழுகை ஓயுமுன் பின்னாலிருந்த வயலில் இறங்கி மறுபடி மண் எடுத்தேன். ஜானகி கூட வரவில்லை. உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று தெரியும். கோபமில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்டீரியா கொல்லாது என்று தெரிந்த பிறகும் மருந்து போகாமல் தடுத்தது நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் சார். அடுத்த மழைக்கும் அந்த ஊருக்கு மருந்து அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டால் அந்தப் பிள்ளைகள் செத்தது வீணாகிவிடும்.