ஹாரோ தெருவில் ஒரு பெயர் குறைவு

கடைசிப் பக்கம்வரை யாராவது வாசிக்கிற மாதிரி ஒரு திட்ட அறிக்கை எழுதுவது சுலபமில்லை. எங்கள் நகரத்து அரசுப் பள்ளிகளுக்கு, அடுத்த ஆண்டு முன்னேற்றத் திட்டத்தைப் பத்தொன்பது வருடங்களாக நான்தான் எழுதுகிறேன். தலைப்புகளுக்கு நீல நிறம் கொடுப்பேன். ஏரியில் பனி உறைந்திருக்கும் மாதங்களில் நீலம் பார்க்க ஆறுதலாக இருக்கும்.

இந்த ஜனவரியில் ஹாரோ தெருப் பள்ளியின் பக்கம் மட்டும் சரியாக வரவில்லை. அடிக்கடி வராத பிள்ளைகள் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜூனில் மாநில அரசு பள்ளியை மூடிவிடும். பெயர்ப்பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அடிக்கடி வராதவர்கள் எண்பத்து மூன்று. இருபதை நூலிழையில் தாண்டியிருந்தது. அந்த எண்பத்து மூன்றில் ஒரு பிள்ளை பட்டியலைவிட்டுப் போனால் கீழே இறங்கிவிடும். மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பள்ளியை மூடினால் அத்தனை பிள்ளைகளும் நெடுஞ்சாலையைத் தாண்டி வேறு பள்ளிக்கு நடக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு ஹாரோ தெருவில் கிடைப்பதுதான் அன்றைய ஒரே சூடான சாப்பாடு. இதை நீங்களும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கெசையா லாட்டிமோர், ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு அவள் வரவேயில்லை. வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தினமும் காலை பத்து மணிக்கு எங்கள் இயந்திரம் தானாகப் போன் செய்யும். அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. புகார் சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால்தான் அவள்.

அவள் பெயருக்கு எதிரே ‘வெளிமாநிலம் சென்றார்’ என்று பதிந்தேன். அப்படிப் பதிந்தால் போன் நின்றுவிடும். ஒடெஸா டில்மனின் திங்கட்கிழமைப் பட்டியலிலும் பெயர் வராது. வராத பிள்ளைகளின் வீடு தேடிப்போய்க் கதவைத் தட்டுவது ஒடெஸாவின் வேலை. முழங்கால் வலியோடு பனியில் போவாள்.

திங்கட்கிழமை அவள் பட்டியலோடு என் மேசைக்கு வந்தாள்.

“லோரைன், லாட்டிமோர் பொண்ணு பேரு எங்கம்மா போச்சு? வெள்ளிக்கிழமைதான் அங்க போய்ட்டு வந்தேன். யாரும் கதவத் திறக்கல. ஆனா மாடியில திரை அசைஞ்சுது.”

“பூனையா இருக்கும்.”

“பூனை விரலால திரைய விலக்குமா? சின்ன விரல்மா. நான் பார்த்தேன்.”

“குடும்பமே ஜார்ஜியாவுக்குப் போயிடுச்சு ஒடெஸா. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துலேருந்து கடிதம் வந்திருக்கு. நீ வேற யாரையாவது பார்த்திருப்ப.”

கடிதத்தைக் காட்டினேன். காலையில்தான் தட்டச்சு செய்திருந்தேன். தலைப்பு நீலத்தில் இருந்தது. அவள் அதை இரண்டு முறை வாசித்தாள்.

“சரி, உன் காகிதம் சொன்னா சரிதான். அங்கயாச்சும் அந்தப் பொண்ணுக்குக் குளிராது. என் முட்டிக்கும் ஒரு மாடிப்படி மிச்சம்,” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

நேற்று விசாரணையில் நீங்கள் டாரிலின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். கெசையாவின் அம்மா போதை மீட்பு நிலையத்தில் இருந்ததும், வீட்டில் அம்மாவின் காதலன் டாரில் மட்டும் அவளோடு இருந்ததும் அதுவரை எனக்குத் தெரியாது. “காயம் ஆறுனதும் ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்னுதான் மாடியில பூட்டி வச்சேன். தெனமும் போன் வந்துட்டே இருந்துச்சு. பயமா இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் போன் நின்னுபோச்சு. யாரும் தேடலன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் மேல போகவேயில்ல.”

வாசித்துவிட்டு நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீர் கேட்டேன்.

போன் நின்றபின் அவள் ஒன்பது நாள் உயிரோடு இருந்ததாக மருத்துவர் எழுதியிருக்கிறார். அதில் பள்ளி நாட்கள் ஏழு.

ஒடெஸா இப்போது வேலைக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவள்மேல் தப்பில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். சின்ன விரல் என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாகவே விழுந்தது. பூனை இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று தெரிந்துதான் கடிதத்தைக் காட்டினேன். ஆனால் என்ன செய்திருக்க முடியும்? திட்டத்தை அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். பெயரைத் திரும்பச் சேர்த்தால் மறுபடி எண்பத்து மூன்று.

ஹாரோ தெருப் பள்ளி இன்னும் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வறுத்த மீன் போடுகிறார்கள்.

ஒரு சின்ன உதவி. மே மாதக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. என் மேசையின் வலது இழுப்பறையில் திருத்திய திட்டம் இருக்கிறது, அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு பெயர்கள் குறித்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வெளிமாநிலத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. இந்த முறை அதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் குறித்தேன்.