இரண்டு பட்டியலிலும் இல்லாத பேக்கரிக்காரர்

ஓடுகிறோம். முழங்கால் வரை சேறு. பின்னால் சிறை மதிலிலிருந்து துப்பாக்கிச் சூடு. மூன்று வெடி. நிறுத்தம். பிறகு இரண்டு. வெள்ளிக்கிழமை, மாலை ஆறு பத்து. இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

"குனி! தலையைக் குனி!"

குனிகிறேன். முன்னால் ஓடிய நவம் குனியவில்லை. விழுந்தான். அவனைத் தாண்டித்தான் ஓடினேன். எதிரே களப்புத் தண்ணீர். இறங்கிவிட்டோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். இன்று வெளிநாட்டில், டூட்டிங்கில் எனக்கு மூன்று கடை. ஒருவரிடமும் கை நீட்டாமல் எழும்பினவன். அந்தச் சிறையை உடைத்தவனும் நான்தான். மற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள். துவக்கு எடுத்துச் சுடத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். பூட்டுத் தெரிந்தவன் நான் ஒருவன்.

இயக்கத்துக்கு வருமுன் கராஜில் வேலை பழகினேன். ஜெயிலருக்கு அது தெரியும். பழுதான பூட்டுகளை என்னிடம் தருவார். திருத்துவேன். கூடவே பூட்டின் உள்நாக்கை அரத்தால் தேய்த்துக் குட்டையாக்குவேன். திறப்பு, சாவிதான், போட்டுத் திருகினால் பூட்டும். இரண்டு பேர் தோளால் இடித்தால் கழலும். கிழமைக்கு இரண்டு பூட்டு. எந்தப் பொறியியலாளருக்கு இது வரும்?

நடைவழியின் கடைசியில் இருந்து வேலை செய்வேன். அரம் கீச்சிடும். அதிக நேரம் கீச்சிட்டால் காவலருக்குச் சந்தேகம் வரும். அப்போது கடைசி அறையிலிருந்து செல்லத்துரை அண்ணை தேவாரம் தொடங்குவார். சுருதி சேராது. குரல் மட்டும் மதிலைத் தாண்டும்.

"ஐயோ, சிவபெருமானே காதைப் பொத்துவார்!" என்று காவலர் தூரப் போய்விடுவார்.

அண்ணை பேக்கரிக்காரர். இயக்கப் பெடியள் வந்து பாண் கேட்டார்கள். கொடுத்தார். அதற்குத்தான் சிறை. எந்த இயக்கமும் இல்லை. தனி அறை. அவருடைய பூட்டுப் புதியது. பழுதாகவே இல்லை.

"தம்பி, என்ர பூட்டு நல்ல பூட்டாப் போச்சு, என்ன?"

"யோசியாதேங்கோ அண்ணை. உங்கட கதவு என்ர பொறுப்பு. திறப்போட வாறன்."

உள்ளே இரண்டு இயக்கம். வாசலால் முதலில் வெளியேறுவது யார் என்று பதினொரு நாள் சண்டை. கடைசியில் ஒரு தீர்வு கண்டார்கள். ஒன்றாகவே வெளியேறுவது, ஒவ்வொரு இயக்கத்துக்கும் தனிப் பட்டியல். தனித்தனியே எண்ணுவது. மிகச் சரியான ஏற்பாடு என்று எல்லாரும் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

வெள்ளி மாலை சோறு வரும் நேரம். தோள்கள் இடிக்கின்றன. டமார். டமார். பதினான்கு கதவும் கழலுகின்றன. ஒன்றுகூடச் சிக்கவில்லை. காவலரை இருவர் அமுக்கிப் பிடிக்க, திறப்புக் கோர்வையை நான் பறித்தேன். அந்த நேரம் வாசலில் வெடி.

"வெளியால! வெளியால ஓடுங்கோ!"

இடப்பக்கம் இருபது அடி, அண்ணையின் அறை. வலப்பக்கம் வாசல். எல்லாரும் வலப்பக்கம். நானும் வலப்பக்கம் திரும்பினேன். அண்ணை பாடிக்கொண்டிருந்தார். நிறுத்தினால் எங்களுக்குக் கெடுதல் என்று நினைத்திருப்பார். வாசல் வரை கேட்டது.

மறுகரையில் எண்ணினார்கள்.

"எங்கட ஆக்கள் இருபத்தொண்டு பேர் வந்திட்டினம். நவம் மட்டும் இல்லை."

"எங்கட பதினேழும் வந்திட்டுது. முழுக்கணக்கு!"

இரண்டு கணக்கும் சரி. ஒருவரும் அண்ணையைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் யாருடைய கணக்கிலும் இல்லை. என் இடுப்பில் திறப்புக் கோர்வை. சட்டையை இழுத்து அதை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, சிறையின் வேறு பகுதியிலிருந்து விடுதலையான ஒருவர் சொன்னார். பூட்டை யார் கெடுத்தது என்று கேட்டு அண்ணையை அடித்தார்கள். அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை இறந்துபோனார்.

போன மாதம் விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் நினைவுக்கூட்டம். இரண்டு இயக்கத்திலும் இறந்தவர்களின் பட்டியலை வாசித்தார்கள். நான் எழும்பி, செல்லத்துரை அண்ணையின் பெயரையும் வாசிக்கச் சொன்னேன். செயலாளர் கடதாசிகளைப் புரட்டினார்.

"அவர் எந்த இயக்கம் அண்ணை?"

"பேக்கரி."

"பகிடி விடாதேங்கோ. எந்தப் பட்டியலில போடுறது?"

"தனித்தாளில போடுங்கோவன்."

"ஏலாது. ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேணும்." பிறகு சபைக்குத் திரும்பினார். "அண்டைக்கு எல்லாப் பூட்டையும் திறந்த எங்கட அண்ணைக்கு ஒரு கைதட்டு!"

தட்டினார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக வாங்குகிற கைதட்டு. அன்றும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கால் நோகிறது. இனி எழும்பிக் கேட்க ஏலாது. ஆகவே நானே எண்ணுகிறேன்.

எங்கள் பகுதியில் அறை பதினைந்து. கழன்றது பதினான்கு. உள்ளே இருந்தவர்கள் நாற்பது பேர். மறுகரை சேர்ந்தவர்கள் முப்பத்தெட்டு. அவர்களில் இருபது பேரைப் பின்னால் சண்டை தின்றது. ஏழு பேரைக் கொன்றது இராணுவம் அல்ல, எங்களில் மற்றப் பக்கம். மிச்சம் பதினொருவர், என்னோடு சேர்த்து. சேற்றில் ஒருவன்: நவம், வயது இருபது. எரிந்தது ஒரு பேக்கரி, அண்ணையுடையது, மறுகிழமை. பூட்டிய அறைக்குள் ஒருவர்: செல்லத்துரை, வயது ஐம்பத்திரண்டு, மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் உள்ளவர். இயக்கம் இல்லை.